முற்றமும் இஸ்தோப்பும்: வாசகர் கேள்வி – பதில்

சியோல் நகரத்துப் பழைய குடியிருப்புகளில் இயங்கும் கபேக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து ஹட்டன் முதல் எல்ல வரை பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம். சொந்த வீட்டில் கை வைக்கப்போகிறவர்களின் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி (ஹட்டன்): கொரியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி லீவு நாளில் சியோலுக்குப் போய்வந்தால், அரண்மனையைப் பற்றி ஒரு வார்த்தையோடு முடித்துவிடுவான். இக்சொன்-தொங் என்ற இடத்தில் கோப்பி குடித்ததைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவான். கோப்பி எங்கேயும் கோப்பிதானே?

பதில்: அந்தக் கோப்பியைக் குடிக்கும் முன் உங்கள் தம்பி என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். எதிரே ஆள் வந்தால் தோளை ஒதுக்கிக்கொள்ள வேண்டிய சந்து. தலையைக் குனிந்து நுழையும் வாசல். அதைத் தாண்டினால் கூரையில்லாத சிறு முற்றம். கொரிய மொழியில் ‘மடாங்’. முற்றத்தைச் சுற்றி ‘ப’ வடிவிலோ ‘ட’ வடிவிலோ அறைகள். பல கடைகளில் அங்கே காலணியைக் கழற்றிவிட்டு, ‘மாரு’ எனப்படும் மரத்தளத்தில் ஏறிக் கீழே உட்கார வேண்டும். சந்தின் சத்தம் முற்றத்தில் பாதி குறைந்துவிடும். உட்கார்ந்ததும் பார்வை தாழ்வாரத்துக்குக் கீழே இறங்கிவிடும். இத்தனையும் நடந்த பிறகுதான் கோப்பி வருகிறது. கண்ணுக்கு முன் உடம்பு அந்த வீட்டுக்குள் போய்விட்டது. பல வருடம் கழித்து நினைவுக்கு வருவதும் பெரும்பாலும் இந்தக் குனிதலும் இந்த உட்காருதலும்தான்.

உங்கள் தம்பிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் பலகையிலோ பாயிலோ உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது அவர் வீட்டில் பழகிய பழக்கம். பகலெல்லாம் தொழிற்சாலைச் சப்பாத்தோடு நிற்கிறவருக்கு அந்நிய நாட்டில் அது திரும்பக் கிடைக்கிறது.

ஓர் இடத்தின் மேல் வரும் பற்றை ஆய்வாளர்கள் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். ‘நான் விரும்புவதைச் செய்ய இந்த இடம்தான் சரி’ என்பது ஒன்று. ‘இந்த இடம் நான் யார் என்பதில் ஒரு பங்கு’ என்பது மற்றது. அழகான காட்சி முதலில் தருவது மகிழ்ச்சி மட்டுமே. அது பற்றாக மாற நேரமும் திரும்பி வருதலும் வேண்டும். படம் எடுப்பதற்கென்றே அலங்கரித்த கடைகள் சீக்கிரம் நிரம்பிச் சீக்கிரம் காலியாவது இதனால்தான்.

ஒரு தகவல்: இக்சொன்-தொங், சியோலின் இன்னொரு பழைய குடியிருப்பான புக்சோன் ஆகிய இடங்களின் வீடுகளில் பெரும்பாலானவை நாம் நினைக்கும் அளவுக்குப் பழையவை அல்ல. 1920களிலும் 1930களிலும் ஜொங் செ-குவொன் என்ற கட்டட முதலாளி பெரிய வளவுகளைத் துண்டுபோட்டு, நகரத்து மக்கள் வாங்கக்கூடிய சிறு ஹனோக் வீடுகளை வரிசையாகக் கட்டினார். ஹனோக் என்பது மரச்சட்டமும் ஓட்டுக்கூரையும் கொண்ட கொரிய வீடு. நுவரெலியாவில் அவற்றைவிட மூத்த பங்களாக்கள் பல நிற்கின்றன. ஆகவே பழமை மட்டும் போதும் என்றால் நம்மிடம் அது தாராளமாக இருக்கிறது.

கேள்வி (பண்டாரவளை): எல்ல வீதியில் எங்கள் பாட்டனார் காலத்து வீடு இருக்கிறது. முன்னால் 30 அடி நீளம், 7 அடி அகல இஸ்தோப்பு. தகரக் கூரை. கொரிய முறையில் கீழே உட்காரும் கபேயாக மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தரையிலிருந்து. இங்கே பலர் தவறுவதும் அங்கேதான்.

கொரியர்கள் கீழே உட்காருவதற்குப் பின்னால் ‘ஒண்டொல்’ இருக்கிறது. முன்பு அடுப்பின் சூடும் புகையும் தரைக்கல்லுக்கு அடியிலுள்ள கால்வாய்கள் வழியாகப் போய் மறுபக்கப் புகைபோக்கியில் வெளியேறும். இப்போது தரைக்குள் பதித்த குழாய்களில் சுடுதண்ணீர் ஓடுகிறது. தரை சூடாக இருப்பதால்தான் அங்கே குளிர்காலத்தில் தரை சுகம். உங்கள் சீமெந்துத் தரையில் மெத்தையைப் போட்டால், மாசி மாதத்தில் கால் மணி நேரத்தில் வாடிக்கையாளர் எழுந்துவிடுவார். எவ்வளவு அழகாக இருந்தாலும் குளிர்ந்த இடுப்போடு யாரும் பற்று வைப்பதில்லை.

தரைக்கு மேல் 16 அங்குல உயரத்தில் பலகை மேடை போடுங்கள். அடியில் காற்றோட வேண்டும். முன்பக்கத்தை முழுதாக அடைத்தால் ஈரம் தேங்கிப் பலகை வளையும். பலகைகளுக்கிடையே கால் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளி விடுங்கள். மேலே தென்னந்தும்புப் பாய், அதற்கு மேல் குறைந்தது 2 அங்குல மெத்தை. 16 அங்குலம் என்பதற்குக் காரணம் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேடை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம். ஹனோக் வீட்டு ஓரத்தில் ஓடும் ஒடுங்கிய மரத்திண்ணையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நம் ஊர்த் திண்ணையும் அப்படியே.

இருவர் எதிரெதிரே சப்பணமிட்டு உட்கார, இடையில் மேசையோடு 6 அடி நீளமும் 4 அடி அகலமும் வேண்டும். மேசை உயரம் 12 அல்லது 13 அங்குலம். உங்கள் இஸ்தோப்பில் 4 அடி மேடைக்குப் போனால் நடக்க 3 அடி மிஞ்சும். ஐந்து மேசை போட இடம் வரும். நான்கோடு நிறுத்தி, மிச்சமிருக்கும் 6 அடியை வாசலுக்கு விடுங்கள். செருப்பு கழற்ற, குடை வைக்க, பரிமாறுகிறவர் தட்டோடு திரும்ப அந்த இடம் தேவை. அது இல்லையென்றால் செருப்புக் குவியலில் தடுக்கி முதல் வாரத்திலேயே கோப்பை உடையும்.

அடுத்தது ஜன்னல். தரையில் உட்காருகிறவரின் கண் அவர் இருக்கும் தளத்திலிருந்து ஏறக்குறைய 30 அங்குலம். கதிரையில் இருப்பவரின் கண் தரையிலிருந்து 46 அங்குலம் அளவில். வழக்கமான ஜன்னல் அடிக்கட்டை 36 அங்குலத்தில் வருகிறது. உள்ளறையில் தரையோடு உட்கார வைத்தால், வாடிக்கையாளருக்கு வெளியே தெரிவது வானம் மட்டும். தேயிலை மலை தெரியாது. கொரிய வீட்டில் ஜன்னலின் கீழ்த்தடுப்பை ‘மொரும்’ என்பார்கள். உட்கார்ந்தவர் முழங்கையை அதில் ஊன்றிக்கொள்ளும் அளவுக்கு, ஒன்றரை அடி அளவில் இருக்கும். 16 அங்குல மேடை போட்டால் உங்கள் 36 அங்குலக் கட்டை உட்கார்ந்தவருக்கு 20 அங்குலமாகிவிடும். சுவரை இடிக்காமலே வேலை முடிகிறது.

இஸ்தோப்பில் மலையை மறைக்கும் ஒரே பொருள் கைப்பிடிச் சுவர். அதை இடிக்கச் சொல்ல மாட்டோம். பாதி மறைந்த காட்சியைப் பார்க்க ஆள் சற்று முன்னால் சாய்வார், மீண்டும் பின்னால் சாய்வார். அதுவே நல்லது.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பேச்சுக் கேட்காது. கூரைக்கடியில் வெப்பத்தடுப்புத் தாளும் அதற்குக் கீழே காற்றிடைவெளி விட்டுப் பலகைச் சீலிங்கும் அடித்தால் இரைச்சல் நன்றாகக் குறையும். முழுதாக அமைதியாக்க வேண்டாம். ஹனோக்கில் மழைநாள் ஒரு விசேஷம். ஓட்டு விளிம்பிலிருந்து நீர் முற்றத்தில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டு ஆட்கள் கூடுதலாக இருப்பார்கள். நீங்களும் முன்பக்கப் பீலியைக் கழற்றிவிட்டு நீரை நேராக விழவிடலாம். ஆனால் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலம், 9 அங்குல ஆழத்துக்குக் கிடங்கு வெட்டிக் கூழாங்கல் நிரப்பி, 4 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வைத்துக் கானோடு சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பீலியை மட்டும் கழற்றினால் ஒரு மழைக்காலத்தில் அத்திவாரம் அரிக்கத் தொடங்கும், சுவரில் சேறு தெறிக்கும்.

காசு வாங்கும் மேசையை வாசலுக்கு நேரே போடாதீர்கள். வருகிறவர் முதலில் முற்றத்தையோ மலையையோ பார்க்கட்டும், விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம். விளக்கு மஞ்சள் வெளிச்சமாக, தலைக்கு மேலே அல்லாமல் சுவரோரம் தாழ்வாக இருக்கட்டும்.

இன்னொன்று கண்டிப்பாக. குளிருக்கென்று மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள். கரி எரிந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொரியாவிலேயே நிலக்கரிக் கட்டியால் அறையைச் சூடாக்கிய காலத்தில், வெடித்த தரை வழியாக இந்த வாயு கசிந்து தூக்கத்திலேயே ஏராளமானோர் இறந்திருக்கிறார்கள். இறப்பர் சுடுதண்ணிப் பையைத் துணியுறையில் போட்டு மடியில் கொடுங்கள். செலவு குறைவு. அதைக் கையில் வாங்கும்போது வெளிநாட்டுக்காரர் முகம் மலர்வதையும் பார்ப்பீர்கள்.

கேள்வி (நுவரெலியா): கொரியக் காகித ஜன்னல் நம் பனிக்குத் தாங்குமா?

பதில்: வெளிப்பக்கம் தாங்காது. ஹன்ஜி எனும் அந்தக் காகிதம் மல்பெரி இனத்து மரப்பட்டை நாரில் செய்தது, வலுவானது, காற்றையும் வெளிச்சத்தையும் மெல்ல விடும். அங்கே நீண்ட தாழ்வாரம் மழையைத் தடுக்கிறது. இங்கே பனிமூட்டம் தாழ்வாரத்துக்குள்ளும் வரும். வெளியே கண்ணாடி, உள்ளே காகிதம் ஒட்டிய இரண்டாவது சட்டம் என்று இரட்டையாகப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே காற்றுப் போக வழியில்லையென்றால் பூஞ்சணம் பிடிக்கும். மாவுப்பசையில் ஒட்டினால் கரப்பான் தின்னும். வருடத்துக்கொரு முறை புதிதாக ஒட்ட வேண்டிவரும் என்று கணக்கில் வையுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): கொரியப் பானங்களை இங்கே விற்றால் எடுபடுமா? எதைக் கொடுப்பது?

பதில்: ஒன்றிரண்டு வைக்கலாம். ஓமிஜா என்ற சிவப்புப் பழத்தின் பானம் அங்குள்ள மரபுத் தேநீர்க் கடைகளில் பிரபலம். ஐந்து சுவைப் பழம் என்பதே பெயரின் பொருள். உலர்ந்த பழம் 50 கிராமை, கொதித்து ஆறிய ஒரு லீட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தேன் சேர்ப்பார்கள். சுடுதண்ணீரில் போட்டால் கசப்பும் துவர்ப்பும் மேலெழுந்துவிடும். ஆனால் பழம் இறக்குமதி, விலை அதிகம்.

தேயிலை மலைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு பிளேன்டீயைச் சரியாகப் போடாத கடைகள்தான் நமக்குக் கவலை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். தலவாக்கலையில் ஓரிரு பாகை கூட. அதனால் கொழும்பில் சொல்லும் நேரக்கணக்கு இங்கே சாயம் குறைவாகத் தரும். 200 மில்லிலீட்டருக்கு இரண்டரை கிராம் தூள். கேத்தலை முதலில் சுடுதண்ணீரால் அலசுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பீங்கான் இன்னும் சில பாகையைக் குடித்துவிடும். தண்ணீர் குமிழ்விட்டுக் கொதிக்கும்போதே ஊற்றுங்கள். பிஓபிஎஃப் எனும் சிறு தூளுக்கு மூன்றரை நிமிடம், பிஓபி எனும் சற்றுப் பெரிய தூளுக்கு ஐந்து. பிறகு இலையிலிருந்து பிரித்துவிட வேண்டும். காலையில் போட்டு பிளாஸ்கில் வைத்த சாயத்தை மத்தியானம் ஊற்றினால் ஒரு கறள் சுவை வரும். வெளிநாட்டுக்காரர் சொல்ல மாட்டார், மறுபடி வரவும் மாட்டார்.

கோப்பையில் கொடுக்காமல் இரண்டு கோப்பை அளவுள்ள சிறு கேத்தலில் கொடுங்கள். இரண்டாவது கோப்பையை அவரே ஊற்றிக்கொள்ளும்போது இருப்பு நீளும். தொட்டுக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு. சாப்பிட, சின்னதாகத் தட்டிய ரொட்டியும் கட்டச்சம்பலும். உறைப்பைக் கேட்டுப் போடுங்கள். தடிமன் பிடித்தவருக்குக் கொத்தமல்லித் தண்ணி. ஆட்கள் அதிக நேரம் இருந்தால் வருமானம் குறையுமே என்பது நியாயமான பயம். கொரியாவில் பல கபேக்கள் ‘ஒருவருக்கு ஒரு பானம்’ என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கும். யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை.

கேள்வி (மஸ்கெலியா): எங்கள் தோட்டத்தில் ஆள் இல்லாத பழைய லயம் ஒன்று இருக்கிறது. அதைக் கபேயாக்கினால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு மனமில்லை. யார் சரி?

பதில்: முதலில் காணி. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாயின. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளின் கையில். நிலம் உங்களுடையதல்ல, லயமும் அல்ல. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லையும் மாற்றாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பிச் செலவு செய்தால், கடை ஓடத் தொடங்கியதும் திரும்பக் கேட்பார்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஒப்புதலும் வேண்டும். சரிவான இடத்தில் புதிதாக ஏதும் கட்டுவதென்றால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் வெட்டுவதோ துளையிடுவதோ கம்பித்தூரிகையால் தேய்ப்பதோ வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். தகட்டை அகற்ற நேர்ந்தால் நனைத்து, உடைக்காமல் முழுத்தகடாக இறக்க வேண்டும்.

இனிப் பெரியவர்களின் மனது. ஹனோக்கையும் லயத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஹனோக் ஒரு குடும்பம் தனக்கென்று வாங்கி வாழ்ந்த வீடு. லயம், 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தையே அடைத்துவைத்து வேலை வாங்கக் கட்டியது. அதன் கரி படிந்த சுவரை ‘அழகான பழமை’ என்று விற்றால், அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு நெஞ்சு எரியத்தான் செய்யும். பெரியவர்கள் பக்கம்தான் நாங்கள். ஆனால் இளைஞர்கள் சொல்வதையும் ஒதுக்கவில்லை. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். ஒரு காம்பராவை இருந்தபடியே விட்டு, அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் சொல்லில் விளக்கம் எழுதட்டும். தேத்தண்ணிக் கடை பக்கத்துக் காம்பராக்களில் நடக்கட்டும். வருமானக் கணக்கு யார் பெயரில் என்பதைக் கடை திறக்கும் முன் தோட்டத்து ஆட்களைக் கூட்டி முடிவு செய்யுங்கள்.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): கொரியாவில் மரபு உடையை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகிறார்களே, நாமும் கொழுந்துக் கூடையும் சேலையும் வாடகைக்குக் கொடுக்கலாமா?

பதில்: அங்கே ஹன்பொக் உடுத்தியவருக்கு அரண்மனைக்குள் இலவச அனுமதி, விழாவுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்தும் உடை அது. கூடை வேலைக்கருவி. வேண்டாம்.

கேள்வி (எல்ல): எங்கள் ஒழுங்கையில் மூன்று கபே வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கே வீட்டு வாசலில் நின்று படம் பிடிக்கிறார்கள். புக்சோனில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: நீண்ட காலம் சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. புக்சோன் இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே இருக்கும் குடியிருப்பு. 2018இல் பார்வை நேரத்தை வேண்டுகோளாக அறிவித்தார்கள். வேண்டுகோளை யார் கேட்பார்? 2024 ஜூலையில் சிறப்பு முகாமைத்துவ வலயமாக்கினார்கள். அதே வருடம் நவம்பர் முதல், மிக நெரிசலான பகுதிக்குள் சுற்றுலாப் பயணிகள் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டுமே வரலாம் என்று ஆனது. 2025 மார்ச்சில் மீறுவோருக்கு ஒரு இலட்சம் வொன் அபராதம் வந்தது. குடியிருப்போருக்கும் கடைக்காரருக்கும் அங்கே தங்கியிருப்போருக்கும் இந்தத் தடை இல்லை.

இக்சொன்-தொங்கின் கதை வேறு. அங்கே கபேக்கள் பெருகப் பெருக வாடகை ஏறி, பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறிவிட்டார்கள். இருக்கையைக் கூட்டுவதற்காகப் பல கடைகள் முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடின. மழை உள்ளே வராது, உண்மை. வானமும் காற்றும் வருவதில்லை. 2018இல் ஹனோக் பாதுகாப்பு வலயமாக்கி, சங்கிலிக் கடைகளுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். வீடுகள் தப்பின. காயப்போட்ட துணியும் மிளகாய்ச் செடிச் சட்டியும் தெரிந்த சந்தைத் தேடித் திரும்பி வருகிறவருக்கு இப்போது கடைகள் மட்டும் கிடைக்கின்றன.

உங்கள் ஒழுங்கையில் மூன்றே கடை என்பதால் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மூன்று கடைக்காரரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எட்டு மணிக்கு முன் திறப்பதில்லை. வீதியைப் பார்த்த இருக்கைகளை மலைப்பக்கம் திருப்ப வேண்டும், எதிர்வீட்டு வாசல் படத்தின் பின்னணியாகக் கூடாது. ஒவ்வொரு கடையும் கழிப்பறையைத் திறந்து வைக்க வேண்டும். முறைப்பாடுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. அறிவிப்புப் பலகையில் ‘படமெடுக்காதே’ என்பதைவிட ‘இங்கே குடும்பங்கள் வசிக்கின்றன’ என்று எழுதினால் கூடுதலாகக் கேட்கிறார்கள். ஓட்டோக்காரரையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்களை ஒழுங்கைக்குள் கொண்டுவந்து இறக்குவது அவர்தான்.

கேள்வி (கண்டி, மாணவி): பற்று உண்டாகியிருக்கிறதா என்பதைச் சிறு கடைக்காரர் எப்படி அறிவது? இணையத்து நட்சத்திரம் போதுமா?

பதில்: நட்சத்திரம் அன்றைய மகிழ்ச்சியைச் சொல்லும். பற்றை அளக்க ஆய்வாளர்கள் ‘இந்த இடம் எனக்கு முக்கியம்’, ‘வேறெங்கும் இதே அனுபவம் கிடைக்காது’ என்பது போன்ற கூற்றுகளைக் கொடுத்து ஐந்து புள்ளியிலோ ஏழு புள்ளியிலோ குறிக்கச் சொல்வார்கள். உங்கள் ஆய்வுக்கு அதையே எடுங்கள். ஆனால் முதல்முறை வந்தவரையும் திரும்பி வந்தவரையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள், சராசரி பொய் சொல்லும். வாசலில் நின்று கேட்பதும் பிழை. தேத்தண்ணி குடித்த கையோடு எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். முடிந்தால் இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள்.

கடைக்காரருக்கு ஒரு சீஆர் கொப்பி போதும். திரும்பி வந்தவர் எத்தனை பேர், வேறொருவரைக் கூட்டி வந்தவர் எத்தனை பேர், தானாகவே அதே இடத்தில் போய் உட்கார்ந்தவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் கோடு போட்டால் சரி. பனிமூட்ட நாட்களை மட்டும் தனிப்பக்கத்தில் எழுதுங்கள். மலை ஒன்றுமே தெரியாத நாளில் திரும்பி வருகிறவர் காட்சிக்காக வரவில்லை.